உபுண்டு 24.04க்கு மாறியபின் கறுப்புத் திரை: என்விடியா கார்டு இருக்கிறது, டிரைவர் எங்கே?

காவிரிக்கரை | வெள்ளி, இரவு 10.15

வணக்கம். திருவாரூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இன்று மாலை என் கணினியில் உள்ள உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 22.04இலிருந்து 24.04க்கு மேம்படுத்தினேன். இரண்டு மணி நேரம் ஓடியது, பிழை எதுவும் சொல்லவில்லை. மறுதொடக்கம் செய்ததும் உபுண்டு லோகோ வருகிறது, பிறகு திரை கறுப்பாகிவிடுகிறது. இடது மேல் மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது.

கணினி: இன்டெல் ஐ5-9400எஃப், 16 ஜிபி ரேம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 (4 ஜிபி). எடிட்டிங் டாவின்சி ரிசால்வில்.

இதுவரை செய்தவை: எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன். கார்டைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்தினேன். ஒன்றும் மாறவில்லை.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வருகிறது, உள்ளேயும் நுழைய முடிகிறது. ஆனால் எந்தக் கட்டளை கொடுத்தாலும் பதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. படிக்கவே முடியவில்லை.

ஆவணி முகூர்த்த வேலை இரண்டு கையில் இருக்கிறது. ஒன்றைச் செவ்வாய்க்கிழமை கொடுத்தாக வேண்டும். மூல வீடியோக்கள் தனி ஹார்டு டிஸ்கில் உள்ளன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் வழியா?

வேகநடை | வெள்ளி, இரவு 10.32

புதிதாக நிறுவிவிடுங்கள் அண்ணா, அரை மணி நேர வேலை. அதுவரை மானிட்டர் கேபிளை மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் செருகிப் பாருங்கள். இன்டெல் கிராபிக்ஸில் திரை வந்துவிடும்.

மின்மினி | வெள்ளி, இரவு 10.50

அவருடைய பிராசசரின் பெயர் ‘எஃப்’ என்று முடிகிறது, கவனியுங்கள். இன்டெல்லின் எஃப் வகையில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டு எச்டிஎம்ஐயில் செருகினால் ஒன்றும் வராது. அதைப் பார்த்துவிட்டுக் கணினியே போய்விட்டது என்று பயந்துவிடப் போகிறார்.

காவிரிக்கரை, எழுத்துத் திரை வருகிறது, நுழைய முடிகிறது என்றீர்களே, அது நல்ல செய்தி. கணினி முழுதாக எழுந்து நிற்கிறது, படம் வரையும் பகுதி மட்டும் எழவில்லை. உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தயவுசெய்து இன்றிரவு எதையும் அழிக்காதீர்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிவது டிரைவர் கோளாறு இல்லை. உங்கள் உபுண்டுவைத் தமிழ் இடைமுகத்தில் வைத்திருக்கிறீர்கள், சரிதானே? லினக்ஸின் எழுத்துத் திரையில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்கள்தான் இருக்க முடியும். கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்து வரையவும் அதற்குத் தெரியாது. அதனால் தமிழ்ச் செய்திகள் கட்டங்களாகிவிடுகின்றன. நுழைந்தவுடன் ‘எக்ஸ்போர்ட்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பெரிய எழுத்துகளில் எல்-ஏ-என்-ஜி, ஒரு சமக்குறி, பிறகு பெரிய சி. என்டர். அந்த அமர்வு முடியும்வரை செய்திகள் ஆங்கிலத்தில் வரும். எனக்கும் தமிழில் படிக்கத்தான் விருப்பம், ஆனால் இந்த இடத்தில் வேறு வழியில்லை.

அது முடிந்ததும் இரண்டு தகவல் வேண்டும். முதலாவது, ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ஒரு கோடும் கே எழுத்தும் சேர்த்துக் கொடுத்து, என்விடியா வரிக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா, அதில் என்ன பெயர் என்று சொல்லுங்கள். இரண்டாவது, 22.04இல் என்விடியா டிரைவரை எப்படி நிறுவினீர்கள்? ‘கூடுதல் டிரைவர்கள்’ சாளரம் வழியாகவா, பிபிஏ (வெளியார் நடத்தும் பொதிக் களஞ்சியம்) சேர்த்தா, இல்லை தளத்திலிருந்து கோப்பை இறக்கியா? எனக்கு இரண்டாவது கேள்விக்கான பதில்தான் முக்கியம்.

காவிரிக்கரை | வெள்ளி, இரவு 11.40

எழுத்து தெரிகிறது! மிக்க நன்றி. அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் ஹார்டு டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்தேன்.

என்விடியா வரி இருக்கிறது. அதன் கீழே ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ என்று ஒரு வரி உண்டு, நூவோ பெயர் அதில் இருக்கிறது. ‘டிரைவர் இன் யூஸ்’ என்ற வரியே இல்லை.

டிரைவரை 2022இல் இன்னொருவர் போட்டுத் தந்தார். என்விடியா தளத்திலிருந்து ‘ரன்’ கோப்பு, 515 தொடர். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாறினால் டிஸ்பிளே போய்விடும் என்று சொல்லி, கெர்னல் மாறாதபடி பிடித்தும் வைத்தார். ரிசால்வ் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் நானும் அதைத் தொடவில்லை. இன்று மேம்படுத்துவதற்காக அந்தப் பிடியை விடுவித்தேன். இறுதியில் பழைய பொதிகளை நீக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன்.

மின்மினி | சனி, காலை 7.05

இப்போது முழுதாகப் புரிகிறது. கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே சிக்கலோடு வருகிறவர்கள் நிறைய.

கிராபிக்ஸ் டிரைவருக்கு இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி கெர்னலுக்குள் போய் உட்காரும் மாட்யூல், இன்னொரு பாதி வெளியே இருக்கும் நூலகங்கள். மாட்யூலை எந்தக் கெர்னலுக்காகக் கட்டினோமோ அந்தக் கெர்னலோடுதான் அது சேரும். உங்களுடையது 22.04இன் 5.15 கெர்னலுக்காக 2022இல் கட்டியது. 24.04இன் கெர்னல் 6.8. புதிய கெர்னல் வரும்போது மாட்யூலைத் தானாகத் திரும்பக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் ஏற்பாடு உங்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் கெர்னலைப் பிடித்து வைக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

அப்படியானால் கெர்னலோடு வரும் திறமூல நூவோ டிரைவர் ஏன் கார்டை எடுத்துக்கொள்ளவில்லை? ரன் கோப்பின் நிறுவி, தன் டிரைவருக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நூவோவைத் தடைப்பட்டியலில் போட்டு வைக்கும். உங்களிடம் அந்தத் தடை இன்னும் இருக்கிறது, யாருக்காகத் தடை போட்டார்களோ அந்த டிரைவர் இப்போது இல்லை. கார்டை எடுத்து நடத்த ஆளே இல்லாமல் நிற்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் கிரப் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) பட்டியல் வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய், 5.15 என்று தொடங்கும் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பழைய பொதிகளை நீக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் அது இருக்க வேண்டும். அதில் திரை வந்தால் கார்டு நலம், கேபிள் நலம் என்று உறுதியாகிவிடும். அவசர வேலையையும் அதிலேயே வைத்து ஓட்டலாம்.

காவிரிக்கரை | சனி, காலை 8.20

வந்துவிட்டது! பழைய கெர்னலில் முழுத் தெளிவோடு டெஸ்க்டாப் வந்துவிட்டது. ரிசால்வும் திறக்கிறது. என் மனைவிதான் முதலில் பார்த்துச் சத்தம் போட்டார். முதலில் பிராஜெக்ட் கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகல் எடுத்துக்கொள்கிறேன்.

யாழ்_நிரல் | சனி, காலை 9.10

நல்ல செய்தி அண்ணா. நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், டெபியன் பாவிக்கிறேன். எனக்கும் இப்படி ஒன்று நடந்தது, ஆனால் காரணம் முற்றிலும் வேறு. டெபியன் 11இலிருந்து 12க்குப் போன கையோடு ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டு ஒன்றையும் புதிதாகப் போட்டேன். திரை மங்கலான குறைந்த தெளிவில் நின்றுவிட்டது. ஏஎம்டி டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, ஆனால் கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் தனிப் பொதி. டெபியன் 12இலிருந்து ஃபர்ம்வேருக்கென்று தனியாக ஒரு பிரிவு ஆக்கிவிட்டார்கள். என்னுடைய மூலப் பட்டியலில் பழைய ‘நான்-ஃப்ரீ’ மட்டும்தான் இருந்தது. அதனால் ஃபர்ம்வேர் பொதி 11இன் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டது, புதிய கார்டுக்கான கோப்பு அதில் இல்லை. ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற சொல்லை அந்த வரியில் சேர்த்துப் புதுப்பித்தவுடன் சரியாகிவிட்டது.

கெர்னலின் செய்திப் பதிவான டிஎமெஸ்ஜியில் ‘ஃபர்ம்வேர் லோடு ஃபெயில்டு’ என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அதை வாசிக்காமல் இரண்டு நாள் டிரைவரையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். ரேடியான் வைத்திருப்பவர்கள் முதலில் அந்தப் பதிவைப் பாருங்கோ.

மின்மினி | சனி, காலை 9.45

இதையும் இங்கே எழுதியதற்கு நன்றி யாழ். கறுப்புத் திரை ஒன்றுதான், வழிகள் வேறு வேறு.

காவிரிக்கரை, நகல் எடுத்து முடித்தபின் செய்ய வேண்டியது இது. பழைய டிரைவரை அதன் சொந்த நீக்கியால்தான் எடுக்க வேண்டும், உபுண்டுவின் பொதி நிறுவியான ஏபிடிக்கு அது இருப்பதே தெரியாது. டெர்மினலில் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு ‘என்விடியா-அன்இன்ஸ்டால்’ கொடுங்கள். அப்புறம் ஈடிசி அடைவுக்குள் மோட்ப்ரோப்-டி அடைவில், என்விடியா நிறுவி போட்ட நூவோ தடைக்கோப்பு மிஞ்சியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீக்குங்கள். எக்ஸ்11 அடைவில் ‘எக்ஸ்ஆர்க்.கான்ஃப்’ இருந்தால் பெயரை மாற்றி வையுங்கள், அழிக்க வேண்டாம். கடைசியாக ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையைக் கோடு-யு சேர்த்துக் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் தடை, தொடக்கப் படிமத்துக்குள் அப்படியே இருந்துவிடும். பிறகு 6.8 கெர்னலிலேயே தொடங்குங்கள். நூவோ கார்டை எடுத்துக்கொண்டு திரை வர வேண்டும். ரிசால்வ் அதில் ஓடாது, அது அடுத்த படி.

காவிரிக்கரை | சனி, மதியம் 1.30

நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். தடைக்கோப்பு இருந்தது, எக்ஸ்ஆர்க் கோப்பும் இருந்தது. மறுதொடக்கத்தின்போது, உதவிக்கு வந்த நண்பர் பயாஸுக்குள் போய் ‘லோடு டிஃபால்ட்ஸ்’ கொடுத்தார். இப்போது 6.8இல் 1920க்கு 1080 தெளிவோடு திரை வந்துவிட்டது. ‘டிரைவர் இன் யூஸ்’ வரியில் நூவோ.

வேகநடை | சனி, மதியம் 1.42

அருமை அண்ணா. இனி எளிது. ஏபிடி இன்ஸ்டால் போட்டு என்விடியா-டிரைவர்-535. ஒரே வரிதான்.

காவிரிக்கரை | சனி, மாலை 4.10

போட்டேன். நடுவில் ஒரு சாளரம் ‘செக்யூர் பூட்’ பற்றி ஏதோ சொல்லி, ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது. வைத்தேன். மறுதொடக்கம் கொடுத்துவிட்டு, வாசலில் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தால் 1024க்கு 768இல் எல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது. ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கொடுத்தால் டிரைவரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. இப்போது நூவோவும் இல்லை. மனம் தளர்ந்துவிட்டது. இது 22.04இல் ஒருநாளும் கேட்காத கேள்வி.

மின்மினி | சனி, மாலை 4.35

தளர வேண்டாம், கடைசிப் படியில் நிற்கிறீர்கள். ‘மோட்ப்ரோப் என்விடியா’ என்று சூடோவோடு கொடுத்து, என்ன சொல்கிறது என்று அப்படியே எழுதுங்கள். கணினி உரிமையாளரின் சாவிகளைக் கையாளும் ‘எம்ஓகே-யூட்டில்’ கட்டளைக்கு இரண்டு கோடுகளும் எஸ்பி-ஸ்டேட் என்பதும் சேர்த்து அதன் பதிலையும் எழுதுங்கள்.

காவிரிக்கரை | சனி, மாலை 4.41

முதலாவது: ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’.
இரண்டாவது: ‘செக்யூர்பூட் எனேபிள்டு’.

மின்மினி | சனி, மாலை 5.20

நினைத்தேன். இன்று மதியம் உங்கள் நண்பர் பயாஸில் ‘லோடு டிஃபால்ட்ஸ்’ கொடுத்தார் அல்லவா? 22.04 காலத்தில் அணைந்திருந்த செக்யூர் பூட் அப்போதுதான் திரும்ப எரிந்திருக்கும். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், ஆனால் முதல் சிக்கலின் மேல் இரண்டாவது ஒன்று வந்து அமர்ந்துவிட்டது. முதலாவதைத் தீர்த்த பிறகுதான் இரண்டாவது கண்ணில் படுகிறது.

செக்யூர் பூட் எரியும்போது, உபுண்டுவின் கெர்னல் தான் நம்பும் சாவியால் கையொப்பமிட்ட மாட்யூல்களை மட்டுமே ஏற்றும். உபுண்டு வெளியீட்டாளர் கட்டித் தரும் மாட்யூல்களில் அவர்களுடைய கையொப்பம் இருக்கும், கெர்னல் அதைக் கேள்வி கேட்காது. ஆனால் நீங்கள் போட்ட வழியில் மாட்யூலை உங்கள் கணினியே டிகேஎம்எஸ் மூலம் கட்டியது. கட்டியபின் தனக்கென்று ஒரு சாவி உருவாக்கி அதனால் கையொப்பமிட்டது. அந்தச் சாவியை நம்பலாம் என்று நீங்கள் நேரில் ஒப்புதல் தர வேண்டும். அதற்குத்தான் கடவுச்சொல் கேட்டது.

ஒப்புதல் கேட்கும் இடம் ஒரு நீலத்திரை. மறுதொடக்கத்தின்போது, உபுண்டு தொடங்குவதற்கு முன்பே வரும். ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்லிப் பத்து விநாடி எண்ணும். தட்டாவிட்டால் கணினி வழக்கம்போலத் தொடங்கிவிடும், சாவி சேராது. நீங்கள் வாசலுக்குப் போனபோது அதுதான் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

உபுண்டுவுக்குள்ளிருந்தே ஒரு கட்டளையால் இதை முடிக்க முடியாதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். முடியக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். கட்டளையால் முடியுமென்றால் உள்ளே புகுந்த தீநிரலும் தன் சாவியைச் சேர்த்துக்கொள்ளும். விசைப்பலகைக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு அந்த நீலத்திரைதான் சாட்சி.

நூவோ ஏன் போனது என்றால், என்விடியா பொதியும் அதைத் தடைப்பட்டியலில் போடும்.

வேகநடை | சனி, மாலை 5.31

செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே அக்கா? நான் எல்லாக் கணினியிலும் அதைத்தான் செய்கிறேன்.

மின்மினி | சனி, மாலை 5.55

அணைத்தால் மாட்யூல் ஏறும், அதில் ஐயமில்லை. வீட்டுக் கணினியில் தெரிந்து அணைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது கடைக் கணினி. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் எல்லாம் இதில்தான் ஏறுகிறது. ஐந்து நிமிட வேலைக்குப் பயந்து ஒரு பூட்டைக் கழற்றி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தவிர, அடுத்த முறை யாராவது டிஃபால்ட்ஸ் கொடுத்தால் இதே சிக்கல் திரும்ப வரும். சாவியைச் சேர்த்துவிட்டால் அந்தப் பயமும் பெரும்பாலும் இல்லை.

டிகேஎம்எஸ் இல்லாமலே போகவும் ஒரு வழி உண்டு. ‘உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’ கட்டளை, உங்கள் கெர்னலுக்குக் கையொப்பத்தோடு தயாராக இருக்கும் மாட்யூல் பொதியைத்தான் முதலில் தேடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதையே சொல்வேன். காவிரிக்கரைக்கு எல்லாம் நிறுவி முடிந்துவிட்டதால் சாவி மட்டும் போதும்.

‘எம்ஓகே-யூட்டில்’ கட்டளையில் ‘இம்போர்ட்’ கொடுத்து, வார்-லிப் அடைவில் ஷிம்-சைன்டு, அதற்குள் எம்ஓகே அடைவில் உள்ள டிஇஆர் கோப்பைக் காட்டுங்கள். கடவுச்சொல் கேட்கும். எட்டு எழுத்து போதும், சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வையுங்கள். நீலத்திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பில் இயங்கும், குறியீடுகள் இடம் மாறியிருக்கலாம். மறுதொடக்கம் செய்துவிட்டு எழுந்திருக்காமல் உட்காருங்கள். நீலத்திரை வந்ததும் ஒரு விசை, பிறகு ‘என்ரோல் எம்ஓகே’, ‘கண்டின்யூ’, ‘எஸ்’. கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அடித்து முடித்து என்டர். பிறகு ரீபூட்.

காவிரிக்கரை | சனி, மாலை 6.48

வந்துவிட்டது. நீலத்திரை வந்தபோது கை நடுங்கியது, ஆனால் நீங்கள் எழுதிய வரிசையிலேயே எல்லாம் இருந்தது. என்விடியா-எஸ்எம்ஐ இப்போது அட்டவணை காட்டுகிறது: 535 தொடர், ஜிடிஎக்ஸ் 1650. ரிசால்வ் திறந்து, மாங்கல்யதாரணப் பகுதியை ஓட்டிப் பார்த்தேன், தடங்கலே இல்லை.

மின்மினி அக்கா, யார் எந்த ஊர் என்று தெரியாத ஒருவனுக்காக ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வீட்டுக் கல்யாணம் இந்தப் பெட்டிக்குள் இருந்தது. என்றும் மறக்க மாட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். இனிக் கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் நீலத்திரை வருமா? பழையபடி பிடித்து வைக்க வேண்டுமா?

மின்மினி | சனி, இரவு 8.15

வராது. புதிய கெர்னல் வந்தால் டிகேஎம்எஸ் மாட்யூலைக் கட்டி, அதே சாவியால் கையொப்பமிடும். சாவி ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. கெர்னலைப் பிடித்து வைக்காதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் அதோடுதான் வருகின்றன. ரொம்ப அவசர வேலை இருக்கும் வாரத்தில் மட்டும் அப்டேட்டைத் தள்ளிப் போடுங்கள். வந்தபின் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ கொடுத்து, புதிய கெர்னல் எண்ணுக்கு நேரே ‘இன்ஸ்டால்டு’ என்று இருக்கிறதா பார்த்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும்.

பழையபெட்டி | ஞாயிறு, காலை 6.30

முழு இழையையும் காலையில் காபியோடு படித்தேன். என்னிடம் ஜிஃபோர்ஸ் ஜிடி 610 போட்ட ஒரு பழைய கணினி இருக்கிறது. உபுண்டு 22.04, என்விடியா 390 டிரைவர். ஓய்வு பெற்றபின் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைத் தட்டச்சு செய்துவருகிறேன், அதற்குத்தான் இது. நானும் 24.04க்குப் போகலாமா? நீலத்திரைக்குப் பயமில்லை, கறுப்புத் திரைக்குத்தான் பயம்.

மின்மினி | ஞாயிறு, காலை 9.00

ஐயா, உங்கள் கார்டு என்விடியாவின் பழைய ஃபெர்மி தலைமுறை. அதற்கான 390 தொடருக்கு என்விடியாவின் ஆதரவு 2022 இறுதியோடு முடிந்துவிட்டது. அதன்பின் வந்த கெர்னல்களுக்கு அவர்கள் அதைத் திருத்துவதில்லை. ஆகவே 24.04இல் உங்களுக்கு நூவோதான். ஃபெர்மி கார்டுகளின் வேகத்தை நூவோவால் கூட்ட முடியாது, கனமான விளையாட்டுகள் ஓடாது. தட்டச்சுக்கும் இணையத்துக்கும் அது தாராளமாகப் போதும்.

ஆனால் நேரடியாக மேம்படுத்தாதீர்கள். 24.04ஐ ஒரு பென்டிரைவில் எழுதி, ‘ட்ரை உபுண்டு’ கொடுத்து நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். அது நூவோவில்தான் எழும், அதனால் மேம்படுத்தியபின் எப்படி இருக்குமோ அப்படியே இப்போதே காட்டிவிடும். திருப்தி என்றால், முதலில் 22.04இலேயே 390 பொதியை நீக்கி, நூவோவில் ஒருமுறை தொடங்கிப் பார்த்துவிட்டு மேம்படுத்துங்கள். திருப்தி இல்லையென்றால் அவசரமே இல்லை, 22.04க்கு 2027 வரை இலவசமாகவே பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

பழையபெட்டி | ஞாயிறு, மாலை 5.40

பென்டிரைவில் ஓட்டினேன் அம்மா. திரை சரியான அளவில் வந்தது. தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து ஒரு கல்வெட்டை முழுக்க அடித்துப் பார்த்தேன், எழுத்து தெளிவாக இருக்கிறது. வீடியோவை முழுத்திரையில் வைத்தால் கொஞ்சம் திக்குகிறது, எனக்கு அது தேவையில்லை. வரும் வாரம் நகல் எடுத்துவிட்டு, 390ஐ நீக்கிவிட்டு மேம்படுத்துகிறேன்.

காவிரிக்கரை | செவ்வாய், இரவு 9.05

முதல் வீடியோவைக் கொடுத்துவிட்டேன். பெண்ணின் அப்பா முழுவதும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். இன்று ஒரு கெர்னல் அப்டேட்டும் வந்தது. டிகேஎம்எஸ் நிலையைப் பார்த்தேன், ‘இன்ஸ்டால்டு’. மறுதொடக்கம் செய்தேன், திரை நேராக வந்தது. தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்த்துவிடச் சொல்லி நெறியாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.